காற்றில் கந்தகத் தூசு: எண்ணை நம்புவதற்கு முன் அளந்த விதத்தைக் கேளுங்கள்



கடந்த டிசம்பரில் ஒரு காலை, நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு நெபுலைசர் இரவல் வாங்க ஒரு சகோதரி வந்திருந்தார். இடுப்பில் நான்கு வயதுப் பையன், நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தது. கருவியைக் கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் எழுதும்போது அவர் கைப்பேசியை நீட்டினார். "மாமு, இதுல காத்து நல்லா இருக்குன்னு பச்சைக் கலர் காட்டுது. ராத்திரியெல்லாம் டயர் கருகுற வாடை. பிள்ளைக்கு இழுக்குது. எது நெசம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. ஊருக்கு வெளியே இரவில் பழைய டயர் எரிக்கிறார்கள் என்பது பலரும் சொல்லும் புகார். மனு கொடுக்கலாம் என்றோம். உள்ளங்கை அளவுள்ள காற்று மீட்டர் ஒன்றை நன்கொடையாளர் ஒருவர் வாங்கித் தந்தார். அதை மதரஸா ஜன்னலில் வைத்து சுப்ஹு நேரத்தில் படம் எடுத்தோம். எண் பயங்கரமாக இருந்தது. அதையே மனுவோடு இணைத்து அனுப்பிவிடலாம் என்று முடிவாகும் நேரத்தில், கல்லூரியில் எனக்கு வேதியியல் நடத்திய பேராசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மதுரைக்குப் போனேன். ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. படத்தைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்போது பனி இருந்ததா?"

இருந்தது. மீட்டருக்கு மேல் ஜன்னல் கம்பியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதையும், அதன்பின் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டயர், நிலக்கரி, டீசல், பட்டாசு ஆகிய எல்லாவற்றிலும் கந்தகம் உண்டு. டயர் ரப்பரை இறுக்குவதற்கே கந்தகம் சேர்க்கிறார்கள். லாரிகளுக்கான டீசலில் 2020 ஏப்ரல் முதல் பத்து லட்சத்தில் பத்துப் பங்குதான் கந்தகம் இருக்கலாம் என்று விதி வந்தபின், நமது நான்குவழிச் சாலையின் பங்கு வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும். கந்தகம் எரிந்தால் முதலில் கந்தக டை ஆக்சைடு என்ற வாயு வருகிறது. மூக்கைக் குத்துவதும் தொண்டையை அரிப்பதும் அதுவே. இந்த வாயு காற்றில் போகப்போக, சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் வேதி மாற்றமடைந்து, பெரும்பாலும் அம்மோனியாவோடு சேர்ந்து, அம்மோனியம் சல்பேட் போன்ற மிக நுண்ணிய துகளாகிறது. வாயு வேறு, துகள் வேறு. வாயு பெரும்பாலும் எரிக்கும் இடத்தைச் சுற்றியே அதிகமாக இருக்கும். துகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும். 1999-இல் இந்தியப் பெருங்கடல் ஆய்வின்போது மாலத்தீவின் காசிதூ தீவில், இந்தியா பக்கமிருந்து வீசிய காற்றை அளந்தார்கள். ஆலையோ சாலை நெரிசலோ இல்லாத அந்தத் தீவில், நுண்துகளின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சல்பேட். ஆகவே நமது ஊர்க் காற்றில் உள்ள சல்பேட் நமது ஊரில் உண்டானதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அனல்மின் நிலையங்களிலிருந்து புறப்பட்டதாகவும் இருக்கலாம்.

இனி அளக்கும் முறைக்கு வருவோம். பிஎம் 2.5 என்ற நுண்துகளைப் பிடிக்கும் முறையான கருவி நிமிடத்துக்கு 16.67 லிட்டர் காற்றை ஒரு சிறிய வட்ட வடிதாள் வழியாக உறிஞ்சுகிறது. 24 மணி நேரத்தில் 24 கன மீட்டர். இந்தியாவில் 2009-இல் வகுத்த தரத்தின்படி பிஎம் 2.5-க்கு ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். அந்த வரம்பு அளவிலேயே காற்று இருந்தால், ஒரு நாள் முழுக்க ஓடிய கருவியின் தாளில் சேரும் மொத்தத் தூசு 960 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. ஒரு அரிசி மணி சுமார் 20 மில்லிகிராம். அரிசி மணியை இருபது துண்டாக்கி அதில் ஒன்றை எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு நாள் அறுவடை. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு சல்பேட் என்று வைத்தால் அரிசி மணியில் நூறில் ஒரு பங்கு. இதைத்தான் சரியாக நிறுக்க வேண்டும். விரல் ரேகை பட்டால் கெட்டது, தாளில் ஒரு எறும்பு ஏறினால் முடிந்தது. இடுக்கியால்தான் தாளைத் தொடுவார்கள்.

நிறுப்பதற்கு முன் தாளை ஒரு நாள் முழுக்க, வெப்பமும் ஈரமும் ஒரே நிலையில் காக்கப்பட்ட அறையில் வைக்க வேண்டும். காரணம், அம்மோனியம் சல்பேட் நமது வீட்டு உப்பைப் போன்றது. ஐப்பசி மழையில் உப்புச் சாடியில் நீர் கோத்துக்கொள்வதைப் பெண்கள் அறிவார்கள். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடும்போது அம்மோனியம் சல்பேட் துகள் நீரை இழுத்துக் கரைந்து சொட்டாகிவிடுகிறது. ஈரமான நாளில் நிறுத்தால் தூசோடு தண்ணீரையும் சேர்த்து நிறுத்ததாகும்.

பேராசிரியர் பனியைக் கேட்டதும் இதற்காகவே. நமது சிறிய மீட்டர் தூசை நிறுப்பதில்லை. உள்ளே ஒரு லேசர் ஒளி இருக்கிறது. துகள் குறுக்கே போனால் ஒளி சிதறும். சிதறிய ஒளியைப் பார்த்து எடையை ஊகிக்கிறது. மார்கழி அதிகாலையில் துகள் நீரைக் குடித்து விட்டத்தில் ஒன்றரை மடங்கு பருத்தால், அதன் கன அளவு மூன்று மடங்குக்கும் மேலாகிறது. கூடியது அத்தனையும் தண்ணீர். மீட்டருக்கு அது தெரியாது, எல்லாமே தூசு என்று எண்ணைக் காட்டும். வெயில் ஏறி பத்து மணியானால் எண் தானே இறங்கும். நாங்கள் படம் பிடித்தது சரியாக சுப்ஹு நேரத்தில். அந்தப் படத்தை மனுவோடு அனுப்பியிருந்தால், எதிர்த்தரப்பில் விஷயம் தெரிந்த ஒருவர் இரண்டு நிமிடத்தில் தள்ளியிருப்பார். அதோடு நமது உண்மையான புகாரும் தள்ளப்பட்டிருக்கும்.

அந்தச் சகோதரியின் கைப்பேசி எண்ணோ இன்னொரு ரகம். வாரியத்தின் அளவீட்டு நிலையங்கள் மதுரை மாநகருக்குள் இருப்பவை. கொட்டாம்பட்டி அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர். நிலையம் இல்லாத ஊர்களுக்குப் பல செயலிகள் காட்டுவது செயற்கைக்கோள் படத்தையும் கணினிக் கணக்கையும் வைத்துப் போட்ட மதிப்பீடு. பரந்த பகுதியின் சராசரி அது. ஒரு தெருவின் ஓரத்தில் இரவில் எரியும் டயர் அந்தக் கணக்குக்குள் வராது. ஆக எங்கள் மீட்டர் கூட்டிக் காட்டியது, அவர் கைப்பேசி ஒன்றுமில்லை என்று காட்டியது. இரண்டும் அந்தத் தெருக் காற்றைப் பற்றிய சாட்சி அல்ல.

அப்படியானால் முறையான கருவியைக் கொண்டுவந்து சல்பேட்டை அளக்கச் சொல்லலாமே என்று கேட்டேன். பேராசிரியர் சிரித்தார். "அங்கேதான் பெரிய பொறி இருக்கிறது" என்றார். இந்தக் கட்டுரையில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான்.

தூசு பிடிக்கப் பல காலமாகப் பயன்பட்டு வருவது கண்ணாடி இழைத் தாள். மலிவு, கிழியாது. ஆனால் கண்ணாடி இழையில் காரத்தன்மை இருக்கிறது. கந்தக டை ஆக்சைடு அமில வாயு. காற்று தாள் வழியாகப் போகும்போது அந்த வாயுவில் ஒரு பகுதி தாளின் மீதே ஒட்டி, தாளிலேயே சல்பேட்டாக மாறிவிடும். பிறகு ஆய்வகத்தில் தாளைத் தண்ணீரில் ஊறவைத்துச் சல்பேட்டை அளந்தால், காற்றில் துகளாக இருந்தது எது, தாளில் பிறந்தது எது என்று பிரிக்க வழியில்லை. ஏற்கெனவே தாளில் படிந்திருக்கும் சுண்ணாம்புத் தூசும் இதே வேலையைச் செய்யும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். காற்றில் உண்மையில் கன மீட்டருக்கு 6 மைக்ரோகிராம் சல்பேட், 10 மைக்ரோகிராம் வாயு என்று வைப்போம். வாயுவில் பத்தில் ஒரு பங்கு மட்டும் தாளில் மாறினால், 1 மைக்ரோகிராம் வாயு 1.5 மைக்ரோகிராம் சல்பேட்டாகிறது, ஆக்சிஜன் சேர்வதால் எடை கூடுகிறது. 6 என்பது 7.5 ஆகிவிட்டது. நூற்றுக்கு 25 பிழை. வாயு 40 மைக்ரோகிராம் உள்ள இடத்தில் அதே பத்தில் ஒரு பங்கு மாறினால், 6 என்பது 12 ஆகும். இல்லாத துகள் இருந்ததைப் போல இன்னொரு மடங்கு.

வாயு எங்கே அதிகம்? எரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில். ஆக, டயர் எரியும் இடத்தருகே கண்ணாடி இழைத் தாளை வைத்துச் சல்பேட்டை அளந்தால், பிழை மிகப் பெரியதாக வரும் இடத்தில் போய் அளந்தவர்களாவோம். உண்மையில் அங்கே நம் பிள்ளைகளைத் தொந்தரவு செய்வது அப்போதுதான் பிறந்த வாயுவும் கரிப்புகையும். அது சல்பேட் துகளாவதற்குள் காற்று அதை வேறு ஊருக்குக் கொண்டுபோயிருக்கும். நாம் கேட்க வேண்டியது வாயு அளவும் நுண்துகள் அளவும் என்றார் அவர். நான் மனுவில் 'சல்பேட்' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். பேனாவை வாங்கி அடித்துவிட்டார்.

இந்தப் பிழை அறிஞர்களையும் விட்டதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970-களின் தொடக்கத்தில் 'செஸ்' என்ற பெயரில் பல ஊர் மக்களின் உடல்நலத்தையும் காற்றையும் சேர்த்து ஆய்ந்தது. சல்பேட்டுக்கும் ஆஸ்துமா போன்ற நோய்களுக்கும் தொடர்பு இருப்பதாக அறிக்கை வந்தது. 1976-இல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு அதை விசாரித்தபோது அளவீட்டிலேயே பல ஓட்டைகள் தெரியவந்தன. வாயுவைப் பிடித்த திரவக் குப்பிகள் ஆய்வகத்துக்கு அனுப்பும் வழியில் சிந்தியிருந்தன; வெப்பத்தில் தாமதமானபோது பிடித்த வாயு சிதைந்து அளவு குறைந்திருந்தது. தொடர்பு இல்லை என்று அதனால் நிரூபணமாகவில்லை. நுண்துகள் நெஞ்சுக்கும் இருதயத்துக்கும் கேடு என்பது பிற்காலத்தில் வேறு பல ஆய்வுகளால் உறுதியானது. ஆனால் அளவு சரியில்லாததால், பாடுபட்டு எடுத்த அந்த ஆய்வு பல வருடம் சர்ச்சையில் சிக்கிக்கொண்டது. பிறகு அந்த நாட்டில் 1987-இல் பிஎம் 10 தரம் வந்தபோது, வடிதாளின் காரத்தன்மை இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதியே எழுதிவிட்டார்கள்.

இப்போது சல்பேட்டைக் கவனமாக அளப்பவர்கள் குவார்ட்ஸ் அல்லது டெஃப்லான் தாளைப் பயன்படுத்துகிறார்கள். குவார்ட்ஸ் தாளிலும் ஒரு சங்கடம்: அப்பளம் மாதிரி, ஓரம் உதிரும், உதிர்ந்தால் எடை குறையும். இன்னும் கவனமானவர்கள் தாளுக்கு முன்னால், உட்புறம் சோடியம் கார்பனேட் பூசிய குழாய் ஒன்றை வைப்பார்கள். வாயு குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். துகள் கனமானதால் நேராக ஓடித் தாளுக்குப் போய்விடும். இரண்டும் பிரிந்துவிடும். அதோடு ஒரு வெற்றுத் தாளையும் கூடவே எடுத்துப்போய், காற்றை மட்டும் உறிஞ்சாமல், மற்ற எல்லாம் அதேபோலச் செய்து திரும்பக் கொண்டுவருவார்கள். அந்த வெற்றுத் தாளில் வரும் சல்பேட்டை மற்றதிலிருந்து கழிப்பார்கள். பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டு நெய்யை நிறுப்பது போல.

தாள் சரியாக இருந்தாலும் காற்றின் அளவு தவறினால் எல்லாம் தவறும். பிஎம் 10-க்கு நம் நாட்டில் பரவலாக உள்ள பெரிய கருவி நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.1 கன மீட்டர் உறிஞ்சும். எட்டு மணி நேரத்தில் 528 கன மீட்டர். மின்னழுத்தம் குறைந்தாலோ, மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தாலோ, தாளில் தூசு அடைத்தாலோ, உண்மையில் 1.0 தான் போகும். ஏட்டில் 1.1 என்று இருந்தால், காற்று உண்மையைவிட நூற்றுக்கு 9 சுத்தமாகத் தெரியும். அளவில் மோசம் செய்வோரைக் கண்டித்து ஒரு சூராவே இறங்கியிருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. இங்கே யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, பிரஷ் தேய்வதுதான் காரணம். ஆனாலும் குறைவது குறைவதுதான். கடைத் தராசுக்கு முத்திரை பார்ப்பது போல, இந்தக் கருவியின் ஓட்டத்தை எந்தத் தேதியில் சரிபார்த்தார்கள் என்று கேட்பதில் தவறில்லை.

ஒரு சிறு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். சில அறிக்கையில் 'கந்தகம்' என்று எடை போட்டிருக்கும், சிலவற்றில் 'சல்பேட்' என்று இருக்கும், வேறு சிலவற்றில் 'அம்மோனியம் சல்பேட்' என்று இருக்கும். 1 மைக்ரோகிராம் கந்தகம் என்பதும் 3 மைக்ரோகிராம் சல்பேட் என்பதும் ஒன்றே. அதே 3 சல்பேட்டை அம்மோனியாவோடு சேர்த்துச் சொன்னால் 4-க்குச் சற்று மேலே. பவுனுக்கும் கிராமுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

அரசுத் தரத்தில் சல்பேட் எங்கே வருகிறது? எங்கும் வரவில்லை. 2009 தரப்பட்டியலில் 12 மாசுகள் இருக்கின்றன. கந்தக டை ஆக்சைடு உண்டு, 24 மணி நேரத்துக்கு 80 மைக்ரோகிராம். பிஎம் 10 உண்டு, பிஎம் 2.5 உண்டு. சல்பேட்டுக்குத் தனி வரம்பு கிடையாது. வாயு வரம்புக்குள் இருக்கிறது, ஆகவே கந்தகப் பிரச்சினை இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. வாயு குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் அது சல்பேட்டாக மாறிப்போனதாகவும் இருக்கலாம், அந்தச் சல்பேட் பிஎம் 2.5 என்ற மொத்த எடைக்குள் பெயரில்லாமல் ஒளிந்திருக்கும். இது ஏட்டுச் சர்ச்சை அல்ல. நிலக்கரி மின் நிலையங்கள் புகைபோக்கியில் கந்தக நீக்கக் கருவி வைக்கும் அளவுக்கு 2015 டிசம்பரில் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அதை விலக்கிவிட்டது. விலக்குக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட காரணங்களில், ஊர்க் காற்றில் வாயு அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது ஒன்று. எதிர்த்தவர்கள் கேட்டது, துகளாக மாறிய கந்தகத்தை ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்பது. என் சொந்த அபிப்பிராயத்தில் எதிர்த்தவர்களின் கேள்வி நியாயமானது.

அளவு பற்றிய சண்டை நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 2013 மார்ச் 23 அதிகாலையில் தூத்துக்குடியில் கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு என்று மக்கள் தவித்தார்கள். ஸ்டெர்லைட் தாமிர ஆலையை வாரியம் மூடியது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனபோது, புகைபோக்கி மீட்டரில் பதிவான உயர்ந்த எண் உண்மையான வாயுவா, மீட்டரைச் சரிபார்க்கும்போது வந்த எண்ணா என்பதே ஒரு பெரிய வாதமானது. அந்த ஆண்டு மே மாத இறுதியில் ஆலை மீண்டும் இயங்க அனுமதி கிடைத்தது. (2018-இல் அது மூடப்பட்டது தனிக் கதை.) கண் எரிந்தது என்று சொன்ன ஆயிரம் பேரின் வார்த்தையை ஒரு மீட்டரின் பராமரிப்புக் குறிப்பு எதிர்த்து நின்றது. எத்தனை மணிக்கு, எந்தத் தெருவில், காற்று எந்தப் பக்கமிருந்து என்ற குறிப்புகள் எவ்வளவு பெறுமதியானவை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மனுவை மாற்றி எழுதிவிட்டோம். மீட்டர் படம் இல்லை. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்டிருப்பது இவை: இரவு நேரத்தில், காற்று ஊரை நோக்கி வீசும் நாளில், கந்தக டை ஆக்சைடும் பிஎம் 2.5-உம் அளக்க வேண்டும். எந்த வடிதாள் பயன்பட்டது, கருவியின் ஓட்டம் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது, வெற்றுத் தாள் எடுக்கப்பட்டதா, வாயுக் குப்பிகள் குளிர்பெட்டியில் கொண்டுபோகப்பட்டனவா என்பதை அறிக்கையோடு தர வேண்டும். தராவிட்டால் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், அதற்கான விண்ணப்பத்தையும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம்.

மீட்டரை வீணாக்கவில்லை. அதை உண்மை அளவாக எடுக்காமல், ஏற்ற இறக்கம் பார்க்க மட்டும் பயன்படுத்துகிறோம். பனி விலகிய பின், பகல் பதினொரு மணிக்கும், மாலை அஸர் நேரத்திலும், இரவு பத்து மணிக்கும், ஒரே ஜன்னலில் வைத்து எண்ணை எழுதுகிறோம். பக்கத்திலேயே ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்று, முந்நூறு ரூபாய்க்கு வாங்கினோம். 80-க்கு மேல் காட்டினால் அன்றைய எண்ணுக்குப் பக்கத்தில் 'ஈரம்' என்று குறித்துவிடுகிறோம்.

வாடை வந்த இரவுகளைக் குறிக்க அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தேதி, மணி, தெரு, காற்றின் திசை, வீட்டில் யாருக்கு என்ன செய்தது, மருத்துவரிடம் போனீர்களா என்ற ஆறு கட்டங்கள். நேரில் வர முடியாத சகோதரிகள் மதரஸாவுக்கு வரும் பிள்ளைகளிடம் சீட்டெழுதிக் கொடுத்தனுப்பலாம். அன்றைக்கே எழுதுங்கள், பத்து நாள் கழித்து ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம். பிள்ளைக்கு இழுப்பு வந்தால் கைப்பேசி பச்சையா சிவப்பா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். நெபுலைசர் இரண்டும் இஷா வரை அலுவலகத்தில் கிடைக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால் பள்ளிவாசல் முஅத்தினிடம் சாவி இருக்கிறது.